மறுமுனையில் பேசுபவர் யார்? பாப் நியூஹார்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

1960 பிப்ரவரி 10 அன்று டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்தில் டைட்லண்ட்ஸ் என்ற கிளப்பில் முப்பது வயதுக்காரர் ஒருவர் மேடையேறினார். கோட்டு, டை, பேச்சில் லேசான திக்கல். பார்த்தால் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்க வந்த ஆள் மாதிரி இருப்பார். சில வருடங்களுக்கு முன்புவரை உண்மையிலேயே அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். இந்த கிளப்புக்கு வருவதற்கு முன் எந்த இரவு விடுதியிலும் அவர் நிகழ்ச்சி நடத்தியதே இல்லை. அப்படிப்பட்டவர் அன்று பேசியதைப் பதிவு செய்யத்தான் வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டு நிறுவனம் கருவிகளோடு வந்திருந்தது.

ஏப்ரலில் அது ‘தி பட்டன்-டவுன் மைண்ட் ஆஃப் பாப் நியூஹார்ட்’ என்ற ஆல்பமாக வெளிவந்தது. அமெரிக்க இசைத்தட்டு விற்பனையைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் நகைச்சுவை ஆல்பம் அதுதான். அடுத்த வருடம் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதுக்கு ஃபிராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல், ஹாரி பெலஃபோன்டே ஆகியோரின் ஆல்பங்கள் போட்டியில் இருந்தன. விருது ஒரு பாட்டுகூடப் பாடாத இந்த மனிதருக்குப் போனது. சிறந்த புதுமுகக் கலைஞர் விருதும் அவருக்கே. அதற்குள் இரண்டாவது ஆல்பமும் வந்து, இரண்டும் ஒரே நேரத்தில் பட்டியலின் முதல் இரண்டு இடங்களில் உட்கார்ந்திருந்தன. 1991-ல் கன்ஸ் அன்ட் ரோசஸ் ராக் குழு அதைச் செய்யும்வரை வேறு யாராலும் முடியவில்லை.

திடீரென்று புகழ் பெறுவது காமெடியில் புதிதல்ல. அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது, நான்காவது ஆல்பத்தில் சரக்கு தீர்ந்து காணாமல் போவார்கள். நியூஹார்ட்டோ அதற்குப்பின் அறுபது வருடம் நின்றார். இரண்டு பெரிய சிட்காம் (தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்) வெற்றிகள், சில தோல்விகள், 84-வது வயதில் நடிப்புக்கான முதல் எம்மி என்ற தொலைக்காட்சி விருது. இத்தனைக்கும் அவரிடம் இருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு வித்தைதான். அது என்ன, எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கணக்கர் காலம்

முழுப்பெயர் ஜார்ஜ் ராபர்ட் நியூஹார்ட். 1929 செப்டம்பர் 5 அன்று சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தார். இயேசு சபையார் நடத்திய பள்ளி, பிறகு சிகாகோ லயோலா பல்கலைக்கழகம். 1952-ல் பட்டம். உடனே ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கொரியப் போர்க்காலம்தான், ஆனால் பணி உள்நாட்டிலேயே. திரும்பி வந்து சட்டம் படிக்கச் சேர்ந்தார், பாதியில் விட்டார். அப்புறம் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனத்தில் கணக்கர் வேலை.

அந்த வேலையைப் பற்றி அவர் பின்னாளில் சொல்லும் கதை இது. நாள் முடிவில் சில்லறைக் கணக்கில் ஒரு டாலரோ இரண்டு டாலரோ இடிக்கும். மற்றவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து தவறைத் தேடுவார்கள். இவர் தன் பையிலிருந்து காசை எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒன்றிரண்டு டாலர் முன்பின் இருந்தால் போதும் என்பது அவர் கணக்கியல் கொள்கை. வேலையில்லாதோர் உதவித்தொகை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது இன்னொன்று கவனித்தார்: தனக்கு வாரச் சம்பளம் 60 டாலர், எதிரே வரிசையில் நிற்பவருக்கு உதவித்தொகை 55 டாலர், அவர் வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும். ஐந்து டாலருக்காகவா ஐந்து நாள் வேலை என்று கேட்டுக்கொண்டு கிளம்பினாராம். மேடைக்காரர் சொல்லும் கதையில் கொஞ்சம் பாலிஷ் இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர் பார்வை எப்படிப்பட்டது என்பது இதில் தெரிகிறது. யாரையும் திட்டவில்லை, புரட்சி பேசவில்லை. ஒரு அமைப்பின் கணக்கை நிதானமாகக் கூட்டிப் பார்க்கிறார், விடை அபத்தமாக வருகிறது.

1958 வாக்கில் சிகாகோவில் திரைப்பட, தொலைக்காட்சி விளம்பரங்கள் எடுக்கும் ஃபிரெட் நைல்ஸின் நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதும் வேலைக்கு வந்தார். அங்கே எட் கேலகர் என்ற சக ஊழியரும் இவரும் பொழுது போகாதபோது தொலைபேசியில் ஒருவரையொருவர் அழைத்து அபத்தமான உரையாடல்களை நீட்டிக்கொண்டே போவார்கள். அதைப் பதிவு செய்து வானொலி நிலையங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் பணம் வரவில்லை. பிறகு கேலகருக்கு நியூயார்க்கில் நல்ல விளம்பர வேலை கிடைத்து, அவர் போய்விட்டார்.

என் கணக்கில் இந்த வாழ்க்கையின் மிக முக்கியமான சம்பவம் இதுதான். உரையாடலில் பாதி ஆளைக் காணோம். நியூஹார்ட் புதிய ஜோடி தேடவில்லை. மறுமுனையைக் காலியாகவே விட்டுவிட்டு, தன் பாதியை மட்டும் பேச ஆரம்பித்தார். டேன் சார்க்கின் என்ற சிகாகோ வானொலி அறிவிப்பாளர் அந்த ஒலிநாடாக்களை வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டு நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் காங்க்லிங்கின் காதுக்குக் கொண்டுபோனார். 1959-ல் ஒப்பந்தம். அடுத்த கிளப் நிகழ்ச்சியிலேயே பதிவு செய்யலாம் என்றார்கள். கிளப் நிகழ்ச்சியே இதுவரை செய்ததில்லையே என்றார் இவர். அப்படித்தான் ஹூஸ்டன்.

வித்தையின் உள்ளமைப்பு

ஆல்பத்தின் முதல் துண்டில் ஒரு விளம்பர முகவர் தொலைபேசியில் பேசுகிறார். எதிர்முனையில் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன், தன் புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். நமக்கு லிங்கனின் குரல் கேட்காது. முகவர் சட்டென்று நிறுத்தி, தாடியைப் பற்றி அதிர்ச்சியோடு விசாரிக்கும்போதுதான் லிங்கன் தாடியை மழிக்க நினைக்கிறார் என்று புரிகிறது. உரையின் தொடக்கத்தில் பழைய பாணியில் சுற்றிவளைத்துச் சொன்ன எண்ணை வெறுமனே 87 என்று மாற்றிவிட்டாராம். ஏன் மாற்றக்கூடாது என்று முகவர் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு துண்டில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சியாளர் மட்டும் பேசுகிறார். பக்கத்தில் ஓட்டுபவர் என்ன செய்கிறார் என்பது அவர் குரலில் ஏறும் நடுக்கத்திலிருந்து தெரியும். வேறொரு இடத்தில் நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் ஒருவர், நாசமாய்ப் போன ஒரு பயணத்தை மாலுமிகளிடம் சாதனை மாதிரி தொகுத்துச் சொல்கிறார்.

கேட்க எளிது, செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். முதல் சிக்கல், மௌனத்தின் நீளம். எதிர்முனையில் பேசுபவர் ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் இவர் வாய் மூடியிருக்க வேண்டும். அரை நொடி குறைந்தால் பொய் என்று தெரிந்துவிடும், அரை நொடி கூடினால் அரங்கம் தளர்ந்துவிடும். இரண்டாவது, தகவல். கேட்டதையெல்லாம் திருப்பிச் சொன்னால் நாடகம் செத்துவிடும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் புரியாது. ஒன்றிரண்டு சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லி, மீதியை முகத்தில் விட வேண்டும். மூன்றாவதுதான் பெரியது. நகைச்சுவை வசனம் முழுக்க எதிர்முனையில் இருக்கிறது. சிரிக்க வைக்கும் வரியை மேடையில் இருப்பவர் சொல்வதே இல்லை. கேட்பவர் அதைத் தன் தலைக்குள் தானே எழுதிக்கொள்கிறார். தான் எழுதிய ஜோக்குக்கு யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

இதை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. ஒருமுனைத் தொலைபேசிப் பேச்சு 1910-களின் இசைத்தட்டுகளிலேயே உண்டு. ஜார்ஜ் ஜெசல் பல வருடம் மேடையில் செய்தார். நியூஹார்ட்டுக்குச் சற்று முன்னால் அதை வைத்தே பெயர் வாங்கியவர் ஷெல்லி பெர்மன். தன் பாணியை நியூஹார்ட் எடுத்துக்கொண்டார் என்ற மனக்கசப்பு பெர்மனுக்குக் கடைசிவரை இருந்தது. நியூஹார்ட், தொலைபேசி யாருடைய சொத்தும் இல்லை, பழைய ஆட்கள் இருக்கிறார்களே என்று பதில் சொன்னார். இருவர் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரிகிறது. பெர்மனுடைய ஆள் பதற்றத்தில் வெடிக்கக் காத்திருப்பவர். நியூஹார்ட்டுடைய ஆள் உலகமே பைத்தியமாகிவிட்டாலும் மரியாதை குறையாமல் பேசப் பார்க்கும் அலுவலக மனிதர். கருவி ஒன்றுதான், வாசிப்பு வேறு.

முதல் சறுக்கல்

ஆல்பம் விற்றதும் தொலைக்காட்சி ஓடி வந்தது. 1961-ல் என்பிசி அவர் பெயரிலேயே ஒரு பல்சுவை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அது எம்மியும் வாங்கியது, தரமான ஒலி, ஒளிபரப்புக்குத் தரப்படும் பீபடி விருதும் வாங்கியது, ஒரே சீசனில் நிறுத்தவும்பட்டது. ஒரே வருடத்தில் எம்மி, பீபடி, வேலைநீக்கக் கடிதம் மூன்றும் கிடைத்தது என்று பிற்பாடு கேலியாகச் சொல்வார்.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ஒரு தொலைபேசித் துண்டை மேடைகளில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற மாதக்கணக்கில் ஆகும். பல்சுவை நிகழ்ச்சியோ வாரத்துக்கு ஒன்று கேட்கிறது. அதோடு, பாட்டு, நடனம், விருந்தினர் என்று மேடை நிறைந்திருக்கும்போது மௌனத்துக்கு இடம் ஏது?

அடுத்த பத்து வருடம் கிளப்புகள், சில படங்கள், ஜானி கார்சன் நடத்திய இரவு நேரத் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சி. கார்சன் விடுப்பில் போகும்போது அந்த நாற்காலியில் 87 முறை உட்கார்ந்தார் நியூஹார்ட். இடையில் 1963-ல் கல்யாணம். பட்டி ஹாக்கெட் என்ற நகைச்சுவைக்காரர்தான் ஜின்னி க்வின்னை அறிமுகப்படுத்தியவர். நான்கு பிள்ளைகள், 2023-ல் ஜின்னி இறக்கும்வரை அறுபது வருட வாழ்க்கை. ஜின்னியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வருவார்.

கேட்பதே தொழிலாக ஒரு பாத்திரம்

1972-ல் சிபிஎஸ்ஸில் ‘தி பாப் நியூஹார்ட் ஷோ’ தொடங்கியது. உருவாக்கியவர்கள் டேவிட் டேவிஸ், லொரென்சோ மியூசிக். மேடைக் காமெடியனுக்கு சிட்காம் எழுதும்போது வழக்கமாக நடக்கும் தவறு, அவர் மேடையில் பேசியதை வசனமாக்குவது. இவர்கள் அவர் மேடையில் செய்யும் வேலை என்ன என்று பார்த்தார்கள். அவர் கேட்கிறார், கேட்டதற்கு முகம் காட்டுகிறார். சரி, கேட்பதற்காகவே சம்பளம் வாங்குபவர் யார்? உளவியலாளர். அப்படிப் பிறந்தார் சிகாகோவின் டாக்டர் பாப் ஹார்ட்லி. தீவிர மனநோயாளிகளைக் கிண்டல் செய்வதாக ஆகிவிடக் கூடாது என்பதால், மனநல மருத்துவராக வேண்டாம், அன்றாடச் சிக்கல்களோடு வருபவர்களைப் பார்க்கும் உளவியலாளராக இருக்கட்டும் என்றார் நியூஹார்ட்.

சுற்றிலும் வைத்த ஆட்களைப் பாருங்கள். உலகமே தனக்கு எதிரி என்று நம்பும் நோயாளி கார்லின், கதவைத் தட்டாமல் நுழையும் பக்கத்து வீட்டு விமான வழிகாட்டி ஹோவர்டு, அலுவலகத்தில் அதே மாடியில் பல் மருத்துவர் ஜெர்ரி. எல்லோரும் பேசுபவர்கள். நடுவில் இவர் ஒருவர்தான் கேட்பவர். பன்னிரண்டு வருடம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த மறுமுனை ஆட்கள் உடம்போடு வந்து அறைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். தொலைபேசியும் போகவில்லை. பல எபிசோடுகளில் அவர் தனியாக ரிசீவரை எடுத்துப் பேசும் காட்சி இருக்கும்.

மனைவி எமிலியாக சுசேன் பிளஷெட். கார்சன் நிகழ்ச்சியில் இருவரும் விருந்தினர்களாகப் பேசிக்கொண்டதைப் பார்த்துத்தான் தயாரிப்பாளர்களுக்கு யோசனை வந்தது. கரகரத்த குரல், கூர்மையான பதில். எமிலி கணவரை ரசிப்பார், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார். இருவரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு பேசும் காட்சிகள் அந்தக் காலத் தொலைக்காட்சியில் கொஞ்சம் துணிச்சல்தான்.

குழந்தைகள் வேண்டாம் என்பதில் நியூஹார்ட் பிடிவாதமாக இருந்தார். அசட்டு அப்பாவை அறிவாளிக் குழந்தைகள் காப்பாற்றும் கதை அவருக்கு அலுத்துப்போயிருந்தது. ஒருமுறை எமிலி கர்ப்பமாவது போல ஒரு கதை எழுதி அனுப்பினார்கள். படித்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது, பாப் வேடத்துக்கு யாரைப் போடப்போகிறீர்கள் என்று கேட்டாராம். கோபப்படவில்லை, கத்தவில்லை. கதை மட்டும் காணாமல் போயிற்று.

திக்கல் பற்றியும் ஒரு கதை உண்டு. எபிசோட் நீளம் அதிகமாகிறது, கொஞ்சம் திக்காமல் பேசினால் நேரம் மிச்சமாகும் என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டார். இந்தத் திக்கல்தான் எனக்கு பெவர்லி ஹில்ஸில் வீடு வாங்கிக் கொடுத்தது என்றார் இவர். அவருடைய திக்கல் இயல்பானதுதான். ஆனால் அதை எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்பது பயிற்சி. ஒரு சொல்லில் தடுக்கி நிற்கும் அந்த நொடியில்தான், எதிரே இருப்பவர் சொன்ன அபத்தம் நமக்கு உறைக்கிறது.

ஆறு சீசன், 142 எபிசோட். 1978-ல் அவரே போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

விடுதிக்காரர், அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி

1982-ல் ‘நியூஹார்ட்’. பாரி கெம்ப் உருவாக்கிய தொடர். இந்தமுறை வெர்மான்ட் மாநிலச் சிற்றூரில் பழைய விடுதி ஒன்றை நடத்தும் எழுத்தாளர் டிக் லவுடன். தொழில் மாறியதே தவிர அமைப்பு மாறவில்லை. விடுதிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், வந்தவரை முதலாளி பொறுமையாகக் கேட்டாக வேண்டும். லாரி என்ற ஆள் வருவார், தன் தம்பி டாரில் என்று ஒருவரைக் காட்டுவார், இன்னொரு தம்பி டாரில் என்று இன்னொருவரைக் காட்டுவார். அந்த இரண்டு டாரில்களும் கடைசி எபிசோட்வரை வாயே திறக்க மாட்டார்கள். மௌனத்தில் பிழைத்தவருக்கு எதிரே பேசாத இருவரை நிறுத்திய யோசனை யாருடையதோ, அவருக்கு ஒரு கும்பிடு.

எட்டு சீசன், 184 எபிசோட். நடுவில் 1985-ல் புகைப்பழக்கத்தால் இரத்தத்தில் சிவப்பணு அதிகமாகும் கோளாறு வந்து மருத்துவமனையில் படுத்தார். சிகரெட்டை அதோடு விட்டார்.

1990 மே 21 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோட் தனியாகப் பேச வேண்டியது. ஊரையே ஒரு ஜப்பானியத் தொழிலதிபர் விலைக்கு வாங்கி கோல்ஃப் மைதானமாக்குகிறார். பறந்து வந்த பந்து டிக்கின் தலையில் படுகிறது, இருள். விளக்கு எரிந்தால் ஒரு படுக்கையறை. நியூஹார்ட் எழுந்து, ஒரு விசித்திரக் கனவு கண்டேன் என்று பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புகிறார். திரும்பிப் பார்ப்பவர் எமிலி, அதே சுசேன் பிளஷெட். எட்டு வருடத் தொடர் முழுவதும், பன்னிரண்டு வருடம் முன்பு முடிந்த தொடரின் நாயகன் கண்ட கனவு.

இந்த யோசனை மனைவி ஜின்னியுடையது என்றே நியூஹார்ட் எப்போதும் சொன்னார். ரகசியம் வெளியே போகாமலிருக்கப் போலி முடிவுகளைப் பரப்பினார்கள், பிளஷெட்டை அரங்கத்தில் ஒளித்து வைத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விவரம் கைதட்டலின் நேரம். பிளஷெட்டின் முகம் தெரிவதற்கு முன்பே, அந்தப் பழைய படுக்கையறையைப் பார்த்த நொடியிலேயே பார்வையாளர்கள் ஆர்ப்பரித்தார்கள். எந்த வசனமும் வரவில்லை. 1960-ல் ஹூஸ்டனில் செய்ததேதான்: சொல்லாததை அரங்கம் தானே நிரப்பிக்கொண்டது.

பலிக்காத இடங்கள்

1992-ல் ‘பாப்’ என்ற தொடர். காமிக்ஸ் ஓவியர் வேடம், இரண்டாவது சீசனில் நடிகர் கூட்டத்தையே மாற்றிப் பார்த்தார்கள், 33 எபிசோடோடு சரி. 1997-ல் ‘ஜார்ஜ் அன்ட் லியோ’, ஜட் ஹிர்ஷோடு. ஒரு சீசன், 22 எபிசோட். முதலில் முழுப்பெயர், பிறகு குடும்பப் பெயர், பிறகு பாப் என்று தலைப்புகள் தீர்ந்துபோய், கடைசியில் பிறப்புச் சான்றிதழில் இருந்த ஜார்ஜையும் செலவழித்தாகிவிட்டது.

ஜட் ஹிர்ஷ் சாதாரண நடிகரில்லை. ஆனால் இருவருக்கும் சம எடை கொடுக்கும் அமைப்பில், நியூஹார்ட் பதிலுக்குப் பதில் பேச வேண்டியிருந்தது. கேட்பவராக இருக்க இடமில்லை. ‘பாப்’ தொடரில் அவர் வழக்கத்தைவிட எரிச்சல் மிகுந்த ஆளாக எழுதப்பட்டிருந்தார். சிடுசிடுப்பு நிறையப் பேருக்கு நன்றாக வரும், அவருக்கு அது வராது. இது என் வாசிப்புதான். அந்தப் பத்தாண்டில் கேபிள் சேனல்கள் பெருகி, பழைய நெட்வொர்க் கூட்டம் சிதறத் தொடங்கியிருந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எண்பதுக்குப் பிறகு

2002-ல் அமெரிக்க நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் விருது. 2003-ல் ‘எல்ஃப்’ படத்தில் வளர்ப்புத் தந்தையாக வந்து புதிய தலைமுறைக்கு அறிமுகமானார். 2004-ல் சிகாகோவில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். டாக்டர் ஹார்ட்லி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே காலியாக ஒரு சோபா. பிறகு அதை அந்நகரின் ஏரிக்கரைப் பொழுதுபோக்கு இடமான நேவி பியருக்கு மாற்றினார்கள்.

2006 எம்மி விழாவில் தொகுப்பாளர் கோனன் ஓப்ரையன், நியூஹார்ட்டைக் காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டில் வைத்து, உள்ளே மூன்று மணி நேரத்துக்குத்தான் காற்று இருக்கிறது, விழா அதற்குள் முடியாவிட்டால் இவர் செத்துவிடுவார் என்று அறிவித்தார். இவர் கூண்டுக்குள் ஒன்றும் பேசவில்லை. முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். அரங்கம் உருண்டது.

அத்தனை வருடத்தில் நடிப்புக்காக அவருக்கு ஒரு எம்மிகூட வரவில்லை என்பது வேடிக்கைதான். எதுவும் செய்யாதது போலத் தெரியும் நடிப்புக்கு விருது கொடுப்பது நடுவர்களுக்குக் கஷ்டம் போலிருக்கிறது. சிட்காம் தயாரிப்பாளர் சக் லோரி பலமுறை தன் தொடர்களுக்கு அழைத்துப் பார்த்தார். கடைசியில் ‘தி பிக் பேங் தியரி’க்கு ஒப்புக்கொண்டபோது நியூஹார்ட் வைத்த நிபந்தனை, நேரடிப் பார்வையாளர்கள் முன்னால்தான் படம்பிடிக்க வேண்டும் என்பது. மௌனத்தின் நீளத்தை அளக்க அவருக்கு எதிரே ஆட்கள் வேண்டும். குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்ந்துபோன பழைய தொலைக்காட்சிக்காரர் புரொஃபசர் புரோட்டானாக வந்தார். தொடரின் நாயகர்களில் ஒருவரான ஷெல்டன் மூச்சுவிடாமல் பேச, இவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். 2013 செப்டம்பரில் சிறந்த விருந்தினர் நடிகருக்கான எம்மி கிடைத்தது. எண்பத்து நான்கு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சில நாள் கழித்து நடந்த பிரதான விழாவில் ஷெல்டனாக நடித்த ஜிம் பார்சன்ஸோடு அவர் மேடைக்கு வந்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. கைதட்டல் ஓய்கிறவரை காத்திருந்துவிட்டு, வழக்கமான திக்கலோடு பேச ஆரம்பித்தார்.

2024 ஜூலை 18 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். வயது 94.